பூ வாங்குகிற அலியார் வீடு வாங்கப் போனது

முதலமடையில் வந்து பூ அலியார் வீடு எது என்று கேட்டால், மல்லிகை விற்கிறவரின் வீட்டை யாரும் காட்ட மாட்டார்கள். மாம்பூ வாங்குகிற அலியாரின் வீட்டைத்தான் காட்டுவார்கள். அதுவும் வாடகை வீடு.

அவருடைய தொழில் அப்படி. கார்த்திகையில் தோப்பு பூத்ததும் உள்ளே போவார். காலையில் ஒரு தரம், உச்சி வெயிலில் ஒரு தரம், பொழுது சாய ஒரு தரம். மூன்று தரம் பார்த்த பிறகு தோப்புக்காரரிடம் ஒரு விலை சொல்வார். அந்தப் பூவில் பிடிக்கிற காயெல்லாம் அவருக்கு, மரமும் மண்ணும் தோப்புக்காரருக்கு. 2011ஆம் வருஷம் மீங்கரை அணைக்குப் போகிற ரோட்டில் 214 மரமுள்ள தோப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு 1,140 பெட்டி என்றார். பறித்து அடுக்கியபோது 1,127 பெட்டி இருந்தது. குறைந்த பதின்மூன்றையும் குரங்குக் கணக்கில் எழுதச் சொன்னார்.

இப்படி முப்பத்தெட்டு பருவம் பூ வாங்கிய மனிதரின் பெயரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. கேட்டால், "மரத்த வாங்குனா வருஷம் பூரா அதுக்கு நாம சேவகம் பண்ணோணும். பூவ வாங்குனா நாலு மாசந்தான்" என்பார். தோப்புக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர் மனைவி சௌதா சிரிக்க மாட்டாள். இருபத்தொன்பது வருஷத்தில் நான்கு வாடகை வீட்டுக்குச் சட்டி பானையோடு குடி மாறியவள் அவள்.

2025 ஜனவரியில் சௌதாவின் அத்தாவுடைய கொல்லங்கோட்டு வீடு விலைபோய், அவளுடைய பங்கு அவள் கைக்கு வந்தது. மறுநாளே அவள் அண்ணன் அஷ்ரஃப் வந்துவிட்டார். கொல்லங்கோட்டில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரண்டு மாடிக் கடை வளாகம் கட்டிக்கொண்டிருந்தார்.

"உம் பங்க இதுல போடு புள்ள. ரெண்டு ஷட்டர் கடை உனக்கு."

"எம் பேர்லயாண்ணா?"

"பேரெல்லாம் பொறவு பாத்துக்கலாம். நான் எங்க ஓடியா போறேன்?"

அன்று சாயங்காலம் ஜார்ஜியா நாட்டில் டாக்டருக்குப் படிக்கும் மகள் சுஹைனா போனில் பேசினாள். மூன்றாம் வருஷப் படிப்பு. அவளும் கூடப் படிக்கும் தோழிகள் இரண்டு பேரும் தங்கியிருந்த வீட்டுக்காரி மறுபடியும் வாடகையை ஏற்றிவிட்டாளாம். "அத்தா, இங்க வெளிநாட்டுக்காரங்களும் ஃப்ளாட் வாங்கலாங்கத்தா. பாஸ்போர்ட் இருந்தாப் போதும். எம் படிப்பு முடியற வரைக்கும் நாங்க இருப்போம், அப்புறம் நம்மூர்ல இருந்து வர்ற புள்ளைங்களுக்கு வாடகைக்கு விடலாம்."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த சௌதா, அவர் போனை வைப்பதற்குள் முடிவுசெய்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டு அஷ்ரஃப் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மரமே வாங்காத மச்சான் மாடி வாங்கப் போறாரா? சரி, போய்ட்டு வா. ஒண்ணு மட்டும் சொல்றேன். ஆதாரம் மச்சான் பேர்லதான் வரும், பாத்துக்கிட்டே இரு." பத்திரத்தை அந்தப் பக்கத்தில் ஆதாரம் என்பதுதான் வழக்கம்.

"எம் பேர்லதான் வரும்" என்றாள் சௌதா.

"வரலேன்னா?"

"வரலேன்னா வாங்காமத் திரும்பிருவோம். வந்த அன்னிக்கே பணம் உங்க ஷட்டருக்கு."

அலியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "உம் பேர்ல வாங்கித் தராம இந்த ஊர் மண்ண மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அதற்கு எத்தனை சாட்சி இருந்தது என்று சுற்றிப் பார்த்தார். ஏழு பேர் இருந்தார்கள்.

அந்த வருஷம் இலைப்பேன் பூவைத் தின்றதில் பருவம் மார்ச்சிலேயே முடிந்துபோனது. நோன்புப் பெருநாள் கழிந்து ஒன்பதாம் நாள், ஏப்ரல் 9 புதன்கிழமை, கொச்சியில் விமானம் ஏறினார்கள். திரும்பி வருவது ஏப்ரல் 20 ஞாயிற்றுக்கிழமை. சாமான் இருபத்திரண்டு கிலோ. அதில் ஆறு கிலோ மாவடு.

ஜார்ஜியாவின் தலைநகரான திபிலீசியில் அவர்களுக்கு வீடு காட்ட வந்தவன் ஜிபின். உடும்பஞ்சோலைக்காரன், வயது இருபத்தொன்பது. அவனும் டாக்டருக்குப் படிக்கத்தான் அந்த ஊருக்கு வந்தான். இரண்டாம் வருஷத்தில் பிணத்தை அறுக்கச் சொன்னபோது மயங்கி விழுந்தான். எழுந்ததும் வீட்டுத் தரகனாகிவிட்டான். ஊரில் அவன் அப்பாவுக்கு ஏலக்காய்த் தோட்டம். தமிழும் மலையாளமும் கலந்து, இரண்டும் ஒன்றுதான் என்பதுபோலப் பேசுவான். அலியார் அவனுக்கு இக்கா, அதாவது அண்ணன்; சௌதா இத்தா, அக்கா.

"இக்கா, எந்த மாதிரி நோக்கணும்? ஸ்டுடியோவா, டூ பெட்ரூமா?"

வரும் வழியிலேயே மலைச்சரிவில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்த பீச் தோப்புகளை அலியார் பார்த்திருந்தார். அதிலிருந்தே அவர் தன் வசத்தில் இல்லை. "மொதல்ல அந்தத் தோட்டம் ஒண்ணு என்ன வெலைன்னு கேளு தம்பி."

ஜிபின் தயங்கினான். வாங்க வந்தவரிடம் இல்லை என்று சொல்வது தரகனுக்குச் சங்கடமான காரியம். "அது பற்றாது இக்கா, முடியாது. வெளிநாட்டுக்காரருக்குக் கிருஷி நிலம் கொடுக்கக்கூடாதுன்னு இங்க சட்டம். ஃப்ளாட் எத்தனை வேணும்னாலும் வாங்கலாம். தோட்டம் மட்டும் கிடையாது. இக்காவுக்கு வெஷமம் ஒண்ணும் தோணக்கூடாது, கேட்டோ."

அலியார் வருத்தப்படவில்லை. நடுரோட்டில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தியா சௌதா! தோட்டத்த வாங்காதே, தோட்டத்த வாங்காதேன்னு நான் முப்பத்தெட்டு வருஷமா சொல்றத இவங்க சட்டமாவே போட்டுட்டாங்க!"

"நல்லதாப் போச்சு. இனி வீட்டப் பாருங்க" என்றாள் சௌதா.

ஜிபினின் ஆபீசில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மைக் கட்டடம் நின்றது. இருபத்து நான்கு மாடி, உச்சியில் நீச்சல் குளம், குளத்தில் விரல்நகம் அளவுக்கு இரண்டு வெள்ளைக்காரர்கள்.

"அடிபொளி ப்ராஜெக்ட் இக்கா. 2027 டிசம்பர்ல சாவி கையில."

"இப்ப அந்த எடத்துல என்ன இருக்குது?"

"இப்ப... குழி."

"குழிக்கா இந்த வெலை?"

"கட்டறதுக்கு முன்ன வாங்கினா வெலை குறவு இக்கா. கட்டித் தீர்ந்தா கூடும். எல்லா நாட்டுலயும் இன்வெஸ்ட்மென்ட்டுக்காரங்க இப்படித்தான் வாங்கறாங்க."

அலியாரின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, பூவுல வாங்கறது! இத மொதல்லயே சொல்லியிருந்தா என்ன?"

பூ என்று சொல்லிவிட்டால் மனிதரைப் பிடித்து நிறுத்த முடியாது என்று சௌதாவுக்குத் தெரியும். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உதிர்வு எவ்வளவு போகும்?"

"உதிர்வா?"

"எங்கூர்ல பூத்ததெல்லாம் காயாகாது தம்பி. உதிரும், கருகும், பூச்சி விழும். இதுல எத்தன மாடி உதிரும்?"

"மாடி எப்படி இக்கா உதிரும்? கான்கிரீட்டாக்கும்!"

"சரி, கட்றவர் இதுக்கு முன்ன கட்டி முடிச்சது எங்க இருக்குது? போன பருவத்துக் காயப் பாக்காம இந்தப் பருவத்துப் பூவ வாங்க மாட்டேன்."

கட்டி முடித்து ஒரு வருஷமான கோபுரம் குழிக்குப் பக்கத்திலேயே நின்றது. காலை ஆறரைக்கு ஒரு தரம், பன்னிரண்டரைக்கு ஒரு தரம் அதைப் போய்ப் பார்த்தார். சுஹைனா கூடப் போய்க் கையில் கொண்டுபோன பாடப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தரம் எல்லோருமாகப் போனார்கள். அந்த ஊரில் ஏப்ரலில் எட்டு மணி தாண்டித்தான் இருட்டும். எட்டேகாலுக்கு அலியார் எதிர் நடைபாதையில் நின்றுகொண்டு, தோப்பில் காய் எண்ணுவதைப் போல, விரலை நீட்டிக் கீழிருந்து மேலாக எண்ணத் தொடங்கினார். போகிற வருகிறவர்கள் அவர் விரல் போன பக்கமெல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"தம்பி, இந்தப் பக்கம் மட்டும் 192 ஜன்னல். விளக்கு எரியறது பதினொண்ணு."

"எல்லாம் வித்துப் போச்சு இக்கா! ஒண்ணுகூட பாக்கி இல்லா!"

"வித்தது தெரியுது. காய்ச்சது எங்க? எங்களமாதிரி எங்கிருந்தோ வந்தவன் வாங்கிப் பூட்டிட்டுப் போயிருக்கான். குடி வர ஆளக் காணமே." அவர் அப்படியே திரும்பி நின்றார். முதுகுக்குப் பின்னால் பழைய கட்டடம் ஒன்று இருந்தது. ஒன்பது மாடி, சுவரில் காரை பெயர்ந்திருந்தது, பால்கனிகளில் துணி காய்ந்தது. அதையும் எண்ணினார். "இதுல 54 ஜன்னல். எரியறது 47. சௌதா, இதுதான் மரம்."

"இது பழசு இக்கா. இதில எனக்குக் கமிஷன் கம்மி" என்று ஜிபின் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"அப்பக் கண்டிப்பா இதான்" என்றாள் சௌதா.

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, மகள் ஊருக்கே போய்விடலாம் என்று வீட்டை விற்கக் காத்திருந்தாள். மின்தூக்கி காசு போட்டால்தான் நகர்ந்தது. "ஏறுறதுக்கும் வாடகையா!" என்று அலியார் படியில் ஏறினார். இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கியபடி, இது ஒரு குறை என்று சுஹைனாவை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

வீட்டுக்குள் பேசியதெல்லாம் அவர்தான். குழாயைத் திறந்து தண்ணீர் எத்தனை நொடியில் ஒரு செம்பு நிறைகிறது என்று பார்த்தார். பதினொன்று. சுவரைத் தட்டினார். ஆசிரியை ஒரு விலை சொல்ல, அவர் ஒரு விலை சொல்ல, ஜிபின் நடுவில் நின்று மூன்று மொழியில் வியர்த்தான். சௌதா அடுக்களைக்குப் போய் ஆசிரியைக்குப் பையில் கொண்டுவந்திருந்த மாவடு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் கடித்துவிட்டுக் கண்ணை இறுக மூடினாள். திறந்ததும் இன்னொன்று கேட்டாள். அதற்குப் பிறகு விலை இரண்டு தரம் இறங்கியது. தன் பேச்சில்தான் இறங்கியது என்று அலியார் நினைத்துக்கொண்டார். சௌதா திருத்தவில்லை.

பதிவுக்குக் குறித்த நாள் ஏப்ரல் 17, வியாழக்கிழமை. வெள்ளி முதல் திங்கள் வரை அங்கே ஈஸ்டர் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை இவர்களுக்கு விமானம். வியாழன் தவறினால் அஷ்ரஃபின் ஷட்டர்தான்.

காலை 10.50க்குப் பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஜிபின் மொழிபெயர்ப்பாளரை அழைத்துவர வெளியே போனான். சுஹைனா பாஸ்போர்ட்டை நகலெடுக்கப் போனாள். ஆசிரியை தூரத்து நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தாள். எழுதி வைத்திருந்த பத்திரத்தின் நகல் அலியார் மடியில் இருந்தது. ஒரு பக்கம் அந்த நாட்டு எழுத்து, மாவடுவைக் கொட்டினாற்போல உருண்டை உருண்டையாக. இன்னொரு பக்கம் இங்கிலீஷ். லாரிச் சீட்டுகளைப் படித்துப் பழகியதில் இங்கிலீஷில் பெரிய எழுத்துகளை அலியார் கூட்டிப் படிப்பார். சௌதாவுக்குத் தமிழும் மலையாளமும்தான்.

வாங்குகிறவர் என்ற இடத்தில் அலியார் என்று இருந்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அலியார்தான். தகப்பன் பெயரும் அவருடைய தகப்பனாருடையதுதான். பேசினவர் யாரோ அவர்தானே வாங்குகிறவர் என்று ஜிபின் எழுதக் கொடுத்துவிட்டான்.

அப்போது சுவர்க் கடிகாரத்தில் 11.04.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். பிறகு, இன்னொரு தரம் படித்துவிட்டுச் சொல்லலாம் என்று மூடினார். அறுபத்தொரு வருஷத்தில் ஒரு பத்திரத்திலும் அவர் பெயரை அவர் பார்த்ததில்லை. ரேஷன் கார்டில் பார்த்திருக்கிறார். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டின் அபராதச் சீட்டில் பார்த்திருக்கிறார். இது வேறு மாதிரி இருந்தது. எழுத்துகூடக் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. 58 சதுர மீட்டர், மூன்றாம் மாடி, பால்கனி ஒன்று, அலியார்.

இதில் தன் குற்றம் ஒன்றும் இல்லையே என்று நினைத்துப் பார்த்தார். எழுதினவன் ஜிபின். இன்றைக்குத் திருத்தி எழுத நேரம் இருக்குமோ என்னவோ. திருத்தப் போய்ப் பதிவே நின்றுபோனால் சௌதாவுக்குத்தானே நஷ்டம்? அவளுக்காகவே பேசாமல் இருப்பதுதான் நியாயம் என்றுகூட ஒரு நியாயம் வந்தது. நல்ல நியாயம்தான். ஆனால் அதன் பின்னாலேயே அஷ்ரஃபின் முகமும் வந்து, பாத்துக்கிட்டே இரு என்றது. அந்தாளை அலியாருக்கு என்றைக்குமே பிடிக்காது. அந்தாள் சொன்னது பலிப்பதைவிட முதலமடை மண்ணை மிதிக்காமலே இருந்துவிடலாம்.

பக்கத்தில் சௌதா பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"சௌதா."

"சொல்லுங்க."

"பூவுல பூச்சி இருக்குது."

"எங்கீங்க?"

"பேர்ல. உம் பேரு இருக்கற எடத்துல எம் பேரு இருக்குது."

சௌதா பிஸ்கட்டை மென்று விழுங்கினாள். தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தாள். 11.15.

"எப்பப் பாத்தீங்க?"

"இப்பத்தான்."

"பதினோரு நிமிஷமா அந்தப் பக்கத்தத் திருப்பவே இல்ல. எங்கியாவது பத்துப் பக்கக் காயிதத்துல ஒரே பக்கத்தப் படிச்சுக்கிட்டே இருக்கறவங்க உண்டா? உங்க மொகத்துல செந்தூர மாமரம் பூத்துக் கெடந்துச்சு. என்னவோ இருக்குதுன்னு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தே?"

"பத்து நிமிஷம் பாக்கலாம்னு இருந்தேன். பத்துக்கு மேல போனா நானே அந்தக் காயிதத்தப் புடுங்கி, அந்தப் பையன் கிட்ட என்னன்னு கேக்கலாம்னு. ஒரு நிமிஷம் போனாப் போகுதுன்னு உட்டேன். முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு தரம், ஆசப்பட்டீங்க."

அலியார் நகலை மூடி மடியில் வைத்தார்.

"எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"என்னது?"

"வீட்டுக்காரரா இருந்தது."

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அவர். "ஆனா அந்த லிப்டுக்குக் காசு கேப்பாங்களேன்னு ஒரு கவலையும் கூடவே வந்துருச்சு."

சௌதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தூரத்தில் ஆசிரியை விழித்துக்கொண்டு, என்னவென்று தெரியாமலே தானும் சிரித்தாள்.

ஜிபின் மொழிபெயர்ப்பாளரோடு வந்து, விஷயம் கேட்டுத் தலையில் கைவைத்தான். "இக்கா, எல்லாம் இக்காதானே பேசினது! இத்தா ஒரு வார்த்தைகூடச் சொல்லலியே!"

"நான் எதுக்குப் பேசோணும் தம்பி? வாங்கறவ நான். பேசறதுக்குத்தான் ஆளக் கூட்டியாந்துருக்கேன்" என்றாள் சௌதா.

திருத்தி எழுதி, சௌதாவின் பெயரைப் போட்டு, மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டி முடிக்க மணி 2.40 ஆனது. சுஹைனா பெயர் இருந்த இடத்தை மூன்று தரம் சரிபார்த்தாள். சௌதா தமிழில் கையெழுத்துப் போட்டாள். அலுவலகப் பெண் அதைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று தன் பாஷையில் சொன்னாளாம். அன்றே பதிய வேண்டும் என்று கட்டணம் கூடுதலாகக் கட்டியிருந்தார்கள். 4.35க்குப் பதிவு முடிந்தது. சுஹைனா அதைப் படமெடுத்து அஷ்ரஃப் மாமாவுக்கு அனுப்பினாள். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு வந்தது.

வெளியே வரும்போது, தப்பாக எழுதிய நகலில் அவர் பெயர் இருந்த பக்கம் மட்டும் அலியாரின் சட்டைப் பையில் நான்காக மடித்து இருந்தது. கண்ணுக்குப் படாதபடி கைக்குட்டையை அதன் மேல் வைத்திருந்தார்.

"அதக் கிழிச்சுப் போடுங்க" என்றாள் சௌதா, முன்னால் பார்த்து நடந்தபடியே.

"எதை?"

"அதைத்தான். நாளைக்கு நம்ம இக்பால் பாத்தான்னா அத்தா சொத்துன்னு பங்கு கேட்டு வந்து நிப்பான்." இக்பால் அவர்களுடைய மூத்த மகன். கேட்கக்கூடியவன்தான்.

"செல்லாத காயிதம் புள்ள. சும்மா ஒரு ஞாபகத்துக்கு."

"கிழிங்க."

அலியார் கிழித்தார். முதலில் இரண்டாக, பிறகு நான்காக, அதற்குப் பிறகு எட்டாக. சௌதா கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். அவள் நடைபாதையிலேயே நின்று எண்ணிப் பார்த்தாள். ஏழுதான் இருந்தது. மறுபடி கையை நீட்டினாள்.